மத்தேயு 24: எது கி.பி. 70-இல் (ரோமர் எருசலேம் ஆலயத்தை அழித்தபோது) முடிந்தது, எது இனி வரவேண்டியது? (வாலிபர் வேதபாடத்துக்கு உதவி தேவை)

பாதிரிக்குப்பம்_வாலிபர்:
அனைவருக்கும் ஸ்தோத்திரம். நான்கு சனிக்கிழமை, வாரம் ஒரு மணி நேரம். தலைப்பு "கடைசிக்கால அடையாளங்கள்". மத்தேயு 24, 25 அதிகாரங்களை எடுக்கலாம் என்று இருக்கிறோம். ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு லூக்கா 21:25-ஐப் போட்டு வாட்ஸ்அப்பில் சுற்றிய படம் இன்னும் பிள்ளைகளின் போனில் இருக்கிறது. 1948-இல் இருந்து கணக்குப் போடும் வீடியோவும் இருக்கிறது. மூன்று கேள்விக்குப் பதில் தெரிந்தால் போதும். (1) அதிகாரத்தை எங்கே பிரிப்பது? (2) "இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது" என்பதற்கு என்ன பதில்? (3) அத்திமரம் இஸ்ரவேல்தானா?

மஞ்சக்குப்பம்_லுத்தரன்:
தம்பி, மத்தேயுவில் ஆரம்பிக்காதீர்கள். மாற்கு 13-இல் ஆரம்பியுங்கள். 37 வசனம்தான், ஒரே மூச்சில் வாசித்துவிடலாம். அதன் பிறகு ஒரு ஏ3 தாளைக் குறுக்காக வைத்து மூன்று பத்தி போடுங்கள்: நடுவில் மாற்கு 13, இடப்பக்கம் மத்தேயு 24, வலப்பக்கம் லூக்கா 21. ஒரே செய்தி வரும் வசனங்கள் ஒரே வரிசையில் வரவேண்டும். ஒன்றில் இல்லாவிட்டால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள், வேறு இடத்திலிருந்து எடுத்து நிரப்பாதீர்கள். பாதி விளக்கம் அந்தக் காலிக் கட்டத்திலிருந்தே கிடைக்கும்.

முதல் வரிசையில் சீஷர்களின் கேள்வியை எழுதுங்கள். மாற்கு 13:4-இல் கேட்டது ஆலயத்தைப் பற்றி மட்டும்: இவைகள் எப்போது, அதற்கு அடையாளம் என்ன. லூக்கா 21:7-உம் அப்படித்தான். மத்தேயு 24:3-இல்தான் "உம்முடைய வருகைக்கும், உலகத்தின் முடிவுக்கும்" என்று இரண்டாவது கேள்வி சேர்கிறது. ஆகவே மத்தேயுவில் இரண்டு கேள்விக்கான பதில் ஒரே பேச்சில் பின்னிக் கிடக்கிறது. இதைக் கவனிக்காமல் எல்லா வசனத்தையும் ஒரே கேள்விக்குப் பதிலாக வாசிப்பதுதான் இந்த அதிகாரத்தில் நடக்கும் முதல் தவறு. முழுவதும் பழையது என்பவரும் முழுவதும் இனிமேல் என்பவரும் இந்த ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

அடுத்து நடு வரிசைக்குப் போங்கள். மாற்கு 13:14-உம் மத்தேயு 24:15-உம் "பாழாக்குகிற அருவருப்பு" என்கின்றன. அதே கட்டத்தில் லூக்கா 21:20, எருசலேம் சேனைகளால் சூழப்பட்டிருப்பதைக் காணும்போது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. பிறகு வரும் கட்டளைகளைப் பாருங்கள்: யூதேயாவில் இருப்பவர்கள் மலைகளுக்கு ஓடவேண்டும், வீட்டின்மேல் இருப்பவன் இறங்கக்கூடாது, வயலில் இருப்பவன் வஸ்திரம் எடுக்கத் திரும்பக்கூடாது. மாரிகாலமாக இருக்கக்கூடாது என்று மாற்கு. மத்தேயு மட்டும் "ஓய்வுநாளிலாவது" என்று சேர்க்கிறார். உலகம் முழுவதும் ஒரே நாளில் முடிகிறது என்றால் மலைக்கு ஓடி என்ன பயன்? இது ஒரு நாட்டில், ஒரு நகரத்துக்கு, ஓடித் தப்பக்கூடிய ஒரு ஆபத்துக்கான எச்சரிப்பு.

சரித்திரப் பக்கம்: யுத்தம் கி.பி. 66-இல் தொடங்கியது. சீரியாவின் ரோம அதிபதி செஸ்தியுஸ் கல்லுஸ் அந்த ஆண்டின் இறுதியில் எருசலேமை நெருங்கி, யாரும் எதிர்பாராத விதமாகப் பின்வாங்கினான். அப்போது பலர் மூழ்கும் கப்பலை விட்டு நீந்திப்போவது போல நகரத்தை விட்டுப் போனார்கள் என்று அந்நூற்றாண்டின் யூத சரித்திராசிரியர் யோசேப்பஸ் எழுதுகிறார். "சூழப்பட்ட ஊரிலிருந்து எப்படி ஓடுவது?" என்று பிள்ளைகள் கேட்டால் பதில் இதுதான். 70-இல் பஸ்கா சமயத்தில் ரோமச் சேனாபதி தீத்து முற்றுகை போட்டான், ஆகஸ்டில் ஆலயம் எரிந்தது, செப்டம்பருக்குள் நகரம் விழுந்தது. சிறைப்பட்டவர்கள் 97,000, இறந்தவர்கள் 11 லட்சம் என்கிறார் யோசேப்பஸ். இரண்டாவது எண்ணை ஆய்வாளர்கள் பலர் மிகை என்று கருதுவதால் அதை நிச்சயமாகச் சொல்லவேண்டாம்.

செம்மண்டலம்_சபை:
மஞ்சக்குப்பம் ஐயா, மூன்று பத்தி முறை நல்லது, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் லூக்காவை வைத்து மத்தேயுவை மூடிவிடக்கூடாது. என் எதிர்ப்பு மூன்று.

ஒன்று, மத்தேயு 24:21. உலகமுண்டானது முதல் இதுவரை சம்பவித்திராததும் இனிமேலும் சம்பவியாததுமான உபத்திரவம் என்கிறார். 70-ஐ விடப் பெரிய அழிவுகள் 20-ஆம் நூற்றாண்டில் நடந்துவிட்டன. அப்படியானால் 70 இந்த வசனத்தை நிறைவேற்றவில்லை.

இரண்டு, 29-ஆம் வசனம் "அந்நாட்களின் உபத்திரவம் முடிந்தவுடனே" என்கிறது. 70 முடிந்தவுடனே மனுஷகுமாரன் மேகங்கள்மேல் வந்தாரா?

மூன்று, 2 தெசலோனிக்கேயர் 2:4-இல் பாவமனுஷன் தேவாலயத்தில் உட்காருகிறான். தானியேல் 9:27-இல் கடைசி வாரத்தின் பாதியில் பலி நிறுத்தப்படுகிறது. தானியேலின் 70 வாரத்தில் (ஒரு வாரம் என்றால் ஏழு வருஷம்) 69 வாரம் முடிந்து கடைசி ஒரு வாரம் இன்னும் நிற்கிறது என்பதே எங்கள் வாசிப்பு. லூக்கா 21:20 சொல்வது 70-ஐ. மத்தேயு 24:15 சொல்வது வரப்போகும் ஏழு வருஷத்தின் நடுவை. இரண்டும் ஒன்றல்ல. லூக்காவில் 24-ஆம் வசனத்துக்கும் 25-க்கும் நடுவில் "புறஜாதியாரின் காலம்" என்று நீண்ட இடைவெளி வருவதையும் பாருங்கள்.

தம்பி கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 24:40-41-ஐ, "ஒருவன் ஏற்றுக்கொள்ளப்படுவான், ஒருவன் கைவிடப்படுவான்" என்பதை, இரகசிய வருகைக்கு (விசுவாசிகள் திடீரென்று எடுத்துக்கொள்ளப்படுவதற்கு) போஸ்டர் வசனமாகப் போடுகிறார்கள். எங்கள் பக்கத்து நல்ல போதகர்களே பலர் அப்படி வாசிப்பதில்லை. முந்தின வசனத்தில் ஜலப்பிரளயம் வாரிக்கொண்டுபோனது நோவாவையா, மற்றவர்களையா? மற்றவர்களைத்தான். இங்கே எடுக்கப்படுவது நியாயத்தீர்ப்புக்கு. எடுத்துக்கொள்ளப்படுதலுக்கு 1 தெசலோனிக்கேயர் 4:17-க்குப் போகவேண்டும்.

ஓ.டி.துறைமுகம்:
செம்மண்டலம் பிரதரே இப்படிச் சொல்வார் என்று எதிர்பார்க்கவில்லை 🙂 ஒரு சந்தேகம். "ஒரு கல்லின்மேல் ஒரு கல்லிராது" என்றார். மேற்குச் சுவர் இன்னும் நிற்கிறதே? இதைக் கேட்டு ஒரு பையன் வகுப்பையே நிறுத்திவிடுவான்.

மஞ்சக்குப்பம்_லுத்தரன்:
அது ஆலயத்தின் சுவர் அல்ல. ஆலய மேட்டைத் தாங்கும்படி ஏரோது எழுப்பிய தாங்குசுவர். மாற்கு 13:1-2-இல் சீஷன் காட்டியதும் இயேசு சொன்னதும் ஆலயக் கட்டடங்களை. அவற்றில் ஒன்றும் மிஞ்சவில்லை. அந்தச் சுவரின் தென்மேற்கு மூலையில், பழைய தெருவின் மேல், மேலேயிருந்து தள்ளப்பட்ட கற்கள் குவியலாகவே தோண்டி எடுக்கப்பட்டிருக்கின்றன. படம் கிடைக்கும், வகுப்பில் காட்டுங்கள்.

இனி செம்மண்டலம் பிரதருக்கு.

24:21 பற்றி: "முன்னும் இல்லை, பின்னும் இல்லை" என்பது பழைய ஏற்பாட்டில் வழக்கமான அழுத்தச் சொல். 2 இராஜாக்கள் 18:5-இல் எசேக்கியாவுக்கு முன்னும் பின்னும் அவனைப்போல் ஒரு ராஜா இல்லை என்கிறது. ஐந்தே அதிகாரம் தள்ளி 23:25-இல் யோசியாவைப் பற்றியும் அதையே சொல்கிறது. எண்ணிக்கையாக எடுத்தால் இரண்டில் ஒன்று பொய்யாகவேண்டும். யாத்திராகமம் 11:6, யோவேல் 2:2 இரண்டிலும் இதே நடை. தவிர, "இனிமேலும் சம்பவியாது" என்பதற்கு அதற்குப் பிறகும் காலம் ஓடவேண்டும் அல்லவா? உலக முடிவுக்கு ஒட்டி வரும் உபத்திரவமானால் அந்தச் சொல்லுக்கு அங்கே வேலை அதிகம் இல்லை.

24:29 பற்றி: சூரியன் அந்தகாரப்படுவது ஏசாயா 13:10-இல் இருந்து வருகிறது. அங்கே விழுவது பாபிலோன். வானம் சுருளாகச் சுருட்டப்படும் 34:4 ஏதோமுக்கு. எசேக்கியேல் 32:7 எகிப்துக்கு. மூன்றிலும் ஒரு ராஜ்யம் விழுகிறது, வானம் அப்படியே இருக்கிறது. மேகங்களில் வரும் மனுஷகுமாரன் தானியேல் 7:13-இல் இருக்கிறார். அங்கே அவர் வருவது பூமிக்கு அல்ல, நீண்ட ஆயுசுள்ளவரிடத்துக்கு, ராஜ்யத்தைப் பெற. மாற்கு 14:62-இல் பிரதான ஆசாரியனிடமே "காண்பீர்கள்" என்றாரே.

ஆனால் இங்கேயே நிறுத்தவேண்டும். எல்லாமே 70-இல் முடிந்தது என்று சிலர் போகிறார்கள். அது 2 தீமோத்தேயு 2:18-இல், உயிர்த்தெழுதல் நடந்தாயிற்று என்றவர்களின் வழி. அப்போஸ்தலர் 1:11, 1 கொரிந்தியர் 15 இரண்டும் அதற்கு இடம் கொடுக்காது. நிசேயா விசுவாசப்பிரமாணமும் கொடுக்காது.

செம்மண்டலம்_சபை:
எசேக்கியா–யோசியா ஒப்பீட்டுக்கு என்னிடம் பதில் இல்லை, அதை யோசிக்கவேண்டும். தானியேல் 7:13-இல் அவர் மேலே போகிறார் என்பதை ஏற்றாலும், மத்தேயு 24:31-இல் எக்காளம், தூதர்கள், நாலு திசையிலிருந்தும் தெரிந்துகொள்ளப்பட்டவர்களைக் கூட்டுவது வருகிறது. 1 தெசலோனிக்கேயர் 4:16-உடன் அதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதை ரோமாபுரி யுத்தத்துக்குள் திணிக்கமுடியாது. என் நிலை மாறவில்லை.

முத்தியால்பேட்டை_மறைக்கல்வி:
கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து, தம்பியின் இரண்டாவது கேள்விக்கு ஒரு சிறு வழி. மாற்கு 13:29-ஐயும் 32-ஐயும் பிள்ளைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். 29-இல் "இவைகள்" நடப்பதைக் காணும்போது அவர் வாசலருகே என்று அறியுங்கள். 30-இல் "இவைகள்" எல்லாம் நடக்குமுன் இந்தச் சந்ததி ஒழியாது. 32-இல் மட்டும் "அந்த நாள்", அதை யாரும் அறியார். முதலில் "இவைகள்", பிறகு "அந்த நாள்". 29-இல் உள்ள "இவைகள்" வருகையையே குறித்தால், வருகை நடக்கும்போது வருகை சமீபம் என்று அறியுங்கள் என்றாகும், அர்த்தம் வராது. ஆக, அடையாளம் காட்டப்பட்டது அந்தத் தலைமுறை கண்ட காரியத்துக்கு. அடையாளம் இல்லாதது கடைசி நாளுக்கு.

"சந்ததி" என்றால் யூத இனம் என்று சிலர் சொல்லுவார்கள். மத்தேயு 11:16, 12:41, 23:36 மூன்றையும் எடுத்துப் பாருங்கள். எதிரே நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்களைத்தான் இயேசு அப்படி அழைக்கிறார். 23:36 இந்தப் பேச்சுக்கு நாலு வசனம் முன்னால் வருகிறது.

நோவா பகுதி (மத் 24:37-44) எங்கள் திருப்பலியின் மூன்றாண்டு வாசகச் சுழற்சியில் முதல் ஆண்டின் திருவருகைக்கால முதல் ஞாயிற்று நற்செய்தி. இரண்டாம் ஆண்டில் மாற்கு 13:33-37, மூன்றாம் ஆண்டில் லூக்கா 21:25-28, 34-36. கிறிஸ்து பிறப்புக்குக் காத்திருக்கும் காலத்தை இப்படித் தொடங்குவது பயமுறுத்த அல்ல என்று பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைப்பதே பெரிய வேலை.

செம்மண்டலம்_சபை:
"அடையாளங்களைக் காணும் அந்தச் சந்ததி" என்றும் வாசிக்கலாமே, அக்கா.

முத்தியால்பேட்டை_மறைக்கல்வி:
வாசிக்கலாம். ஆனால் மத்தேயு 24:33-இல் "நீங்கள் காணும்போது" என்று முன்னால் இருந்தவர்களைப் பார்த்தல்லவா சொல்கிறார்?

ஓ.டி.துறைமுகம்:
1948 கணக்கை யாராவது உடைத்துக் காட்டுங்கள். அதுதான் பிள்ளைகள் கையில் இருக்கிறது.

மஞ்சக்குப்பம்_லுத்தரன்:
கரும்பலகையில் மூன்று வரி போதும்.

அத்திமரம் துளிர்த்தது = இஸ்ரவேல் நாடு, 1948. ஒரு சந்ததி = 40 வருஷம். 1948 + 40 = 1988. நடக்கவில்லை.
தொடக்கத்தை மாற்று: எருசலேம் கைவந்த 1967. 1967 + 40 = 2007. நடக்கவில்லை.
சந்ததியின் நீளத்தை மாற்று: சங்கீதம் 90:10-இன்படி 70. 1948 + 70 = 2018. நடக்கவில்லை. அதே வசனத்தில் 80-உம் இருக்கிறதே, அப்படியானால் 2028.

மாற்றக்கூடிய எண் இரண்டு, மாறாத பதில் ஒன்று: சீக்கிரம். கணக்கில் கூட்டல் பிழை ஏதும் இல்லை; தொடக்கப்புள்ளியைத்தான் வசனம் கொடுக்கவில்லை. லூக்கா 21:29-இல் "அத்திமரத்தையும் மற்றெல்லா மரங்களையும் பாருங்கள்" என்று இருக்கிறது. அத்தி இஸ்ரவேல் என்றால் மற்றெல்லா மரங்களும் எந்தெந்த நாடு? அது இலை துளிர்த்தால் வசந்தகாலம் சமீபம் என்ற சாதாரண உவமை. பாலஸ்தீனத்தில் குளிர்காலத்தில் இலை உதிர்க்கும் மரம் அத்தி, அதனால் எடுத்துக்கொண்டார். தம்பி, உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில்: இல்லை.

பழைய கணக்கு ஒன்றையும் சொல்லலாம். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் தானியேல் 8:14-இன் 2300 நாளை 2300 வருஷமாக்கி, கி.மு. 457-இல் தொடங்கினார். 2300-இல் 457-ஐக் கழித்தால் 1843. அந்த ஆண்டு ஒன்றும் நடக்கவில்லை. கி.மு. 1-க்கும் கி.பி. 1-க்கும் நடுவில் பூஜ்ய ஆண்டு கிடையாது என்பதால் ஒன்று கூட்டி 1844. கடைசியில் அக்டோபர் 22 என்று நாள் குறித்தார்கள். அதுவும் போயிற்று. அமெரிக்க வானொலிப் பிரசங்கி ஹெரால்டு கேம்பிங் 2011 மே 21 என்றார், பிறகு அக்டோபர் 21 என்றார். அப்போஸ்தலர் 1:7 இருக்கும்போது இத்தனை பேர் எப்படி உட்கார்ந்து எண்ணினார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

செம்மண்டலம்_சபை:
நாள் குறிப்பதை நாங்களும் ஏற்பதில்லை. வருங்கால நிறைவேறுதலை நம்புகிற எல்லாரும் நாள் குறிப்பவர்கள் என்று வகுப்பில் சேர்த்துச் சொல்லிவிடாதீர்கள், தம்பி.

பாதிரிக்குப்பம்_வாலிபர்:
கண்டிப்பாக, பிரதர். லூக்கா 21:25 பற்றி? "சமுத்திரமும் அலைகளும் முழக்கமாயிருக்கும்." 2004 சுனாமி, 2011 தானே புயல், 2024 ஃபெஞ்சல் மூன்றையும் ஒரே படத்தில் போட்டிருக்கிறார்கள்.

முத்தியால்பேட்டை_மறைக்கல்வி:
இதற்குத்தான் நான் காத்திருந்தேன். நம் கரையில் இதைப் பிரசங்கிக்கும்போது கேட்பவர்களில் வீட்டில் ஆள் இழந்தவர்கள் இருப்பார்கள். தேவனாம்பட்டினத்திலோ வீராம்பட்டினத்திலோ நின்று அதைச் சொல்லமுடியுமா என்று முதலில் பார்க்கவேண்டும்.

வசனத்துக்கு வருவோம். முதலாவது, லூக்கா 21:25 சூரியன், சந்திரன், நட்சத்திரம், ஜாதிகளின் தத்தளிப்பு, கடல் எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் சேர்க்கிறது. கடலை மட்டும் பிய்த்து எடுப்பது வசதிக்கான வாசிப்பு. இரண்டாவது, கடல் முழக்கமும் ஜனங்களின் கொந்தளிப்பும் சேர்ந்து வருவது திருப்பாடல் 65:7-இலும் எசாயா 17:12-இலும் உள்ள பழைய பேச்சு. எசாயாவில் இரைகிறவை ஜாதிகளே. மூன்றாவது, பூமியதிர்ச்சி, பஞ்சம், யுத்தம் பற்றி மத்தேயு 24:6-8 சொல்வது "முடிவு உடனே வராது", "வேதனைகளுக்கு ஆரம்பம்". வாட்ஸ்அப் படம் அதற்கு நேர் எதிர். அடையாளம் என்று பட்டியல் போடும் வசனங்களே கலங்காதிருங்கள் என்று சொல்வதற்காக வந்தவை.

நான்காவது, நியாயத்தீர்ப்பு என்று சொல்லத் துடிப்பவருக்கு லூக்கா 13:4. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்ற கேள்விக்கு இல்லை என்கிறார் ஆண்டவர். பிறகு கேட்டவர்களையே மனந்திரும்பச் சொல்கிறார். செத்தவர்களைப் பற்றித் தீர்ப்பு எழுத அந்த வசனம் இடம் கொடுக்கவில்லை.

ஓ.டி.துறைமுகம்:
இதை அப்படியே எடுத்துப் பகிரலாமா அக்கா?

முத்தியால்பேட்டை_மறைக்கல்வி:
பகிருங்கள், பெயர் வேண்டாம்.

மஞ்சக்குப்பம்_லுத்தரன்:
25-ஆம் அதிகாரத்துக்கு ஒரு முழு வாரம் வையுங்கள். 24-இல் எல்லா நேரமும் போய், கடைசி ஐந்து நிமிடத்தில் செம்மறியாடு–வெள்ளாடு என்று ஓட்டுவது வழக்கமாகிவிட்டது. பேச்சு போய்ச் சேரும் இடமே அதுதான்.

மூன்று உவமையிலும் தாமதம் இருக்கிறது. 24:48-இல் பொல்லாத ஊழியன் "என் ஆண்டவன் வர நாள் செல்லும்" என்கிறான். 25:5-இல் மணவாளன் தாமதிக்கிறார். 25:19-இல் எஜமான் "வெகுகாலமானபின்பு" வருகிறார். முதல் ஆள் நாள் இருக்கிறது என்று நம்பி உடன்வேலைக்காரரை அடிக்கிறான், குடிக்கிறான். புத்தியில்லாத கன்னிகைகள் சீக்கிரம் வருவார் என்று நம்பி எண்ணெய் எடுத்துவரவில்லை. எதிரெதிரான இரண்டு கணக்கும் தோற்கின்றன. இன்னொன்று: பத்துப் பேருமே தூங்கினார்கள். புத்தியுள்ள ஐவரும் தூங்கித்தான் எழுந்தார்கள். ஆகவே "விழித்திருங்கள்" என்பதை இராமுழுக்கக் கண் மூடாமல் செய்தியைப் பார்த்துக்கொண்டிருப்பது என்று எடுக்கக்கூடாது. ஆயத்தம் முன்பே முடிந்திருக்கவேண்டும்.

தாலந்து: ஒரு தாலந்து 6000 தெனாரியு. மத்தேயு 20:2-இன்படி ஒரு தெனாரியு ஒரு நாள் கூலி. வாரம் ஆறு நாள் வேலை என்று வைத்தால் ஒரு தாலந்து ஏறக்குறைய 20 வருஷக் கூலி. "ஒன்றுதானே கிடைத்தது, பாவம்" என்று புதைத்தவனுக்காக இரக்கப்படும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். லூக்கா 19-இன் ராத்தல் உவமையை இதோடு கலக்கவேண்டாம். அங்கே ஊழியர் பத்து, ஆளுக்கு ஒன்று. ஒரு ராத்தல் 100 தெனாரியுதான்.

முத்தியால்பேட்டை_மறைக்கல்வி:
25:31-46-இல் ஆறு காரியம்: பசி, தாகம், அந்நியன், வஸ்திரமில்லாமை, வியாதி, சிறை. இந்தப் பட்டியல் நாலு முறை திரும்ப வருகிறது. கேட்பவர் மனப்பாடம் செய்துவிடவேண்டும் என்பதுபோலவே அமைந்திருக்கிறது. இரு பக்கத்தாரும் "எப்பொழுது கண்டோம்?" என்றே கேட்கிறார்கள். யாரும் அடையாளங்களைச் சரியாகக் கணித்ததற்காக வலப்பக்கம் போகவில்லை.

"இந்தச் சிறியவர்" யார் என்பதில் கருத்து இரண்டு. வறியோர் எல்லாரும் என்பது ஒன்று. மத்தேயு 10:42, 12:50 இவற்றை வைத்து, நற்செய்தி சொல்லப் போன சீஷர்கள் என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு மத்தேயுவுக்குள்ளேயே நல்ல ஆதாரம் இருக்கிறது, மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஆனால் அதைச் சொல்லிப் பசித்தவனைத் தாண்டிப் போக வழி தேடினால், லூக்கா 10-இல் ஆசாரியனும் லேவியனும் ஏற்கெனவே அந்த வழியில் போயிருக்கிறார்கள்.

சபைகளின் போதனையில் வித்தியாசம் வரும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், தம்பி. இறந்தவுடன் தனித்தீர்ப்பு, கடைசியில் பொதுத்தீர்ப்பு என்பது எங்கள் மறைக்கல்வி. சரித்திரத்துக்குள் ஆயிர வருட அரசாட்சி என்பதைத் திருச்சபை ஏற்பதில்லை (மறைக்கல்வி ஏடு, எண் 676).

மஞ்சக்குப்பம்_லுத்தரன்:
நாங்களும் ஏற்பதில்லை. 1530-இன் அவுக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, 17-ஆம் பிரிவு. ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் தலைமையகம் இருக்கிற கடலூரிலேயே பல லுத்தரன் வீடுகளில் ஏழு வருஷ உபத்திரவ அட்டவணை தொங்குகிறது என்பது வேறு விஷயம். அந்த அட்டவணை 19-ஆம் நூற்றாண்டில் பிரதரன் சபைப் போதகர் டார்பியிடம் உருவாகி, 1909-இல் வந்த ஸ்கோஃபீல்டு வேதாகமத்தின் அடிக்குறிப்புகள் வழியாகப் பரவியது.

செம்மண்டலம்_சபை:
பிற்காலத்தில் வந்தது என்பதாலேயே தவறாகாது, ஐயா. முதல் நூற்றாண்டுகளில் சபைப்பிதாக்களான யுஸ்தீன், இரேனேயு இருவரும் ஆயிர வருட அரசாட்சியை எதிர்பார்த்தவர்கள்.

மஞ்சக்குப்பம்_லுத்தரன்:
அது உண்மை. ஆனால் உபத்திரவத்துக்கு முந்தின இரகசிய வருகை அவர்களிடம் இல்லை. இரண்டையும் பிரித்துப் பேசுவோம்.

பாதிரிக்குப்பம்_வாலிபர்:
மிக்க நன்றி. இப்படிப் பிரித்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள். வாரம் 1: மாற்கு 13 முழுவதும், மூன்று பத்தித் தாள். வாரம் 2: மத் 24:1-35, கி.பி. 66–70, செம்மண்டலம் பிரதரின் மூன்று எதிர்ப்பும் சேர்த்து. வாரம் 3: 24:36-51, 1948 கணக்கு, லூக்கா 13:4. வாரம் 4: 25-ஆம் அதிகாரம்.

முத்தியால்பேட்டை_மறைக்கல்வி:
வாரம் 1-இல் மாற்கு 13:35-ஐ விட்டுவிடாதீர்கள். சாயங்காலம், நடுராத்திரி, சேவல் கூவும் நேரம், காலை: ரோமர்களின் நாலு ஜாமம். பிறகு 14-ஆம் அதிகாரத்தையும் 15:1-ஐயும் திறக்கச் சொல்லுங்கள். சாயங்காலம் பந்தி, இரவில் கெத்செமனேயில் தூங்குகிறார்கள், சேவல் கூவும்போது பேதுரு மறுதலிக்கிறான், காலையில் பிலாத்து. அவர்களே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் சொல்லவேண்டாம்.

ஓ.டி.துறைமுகம்:
தாளில் மத் 24:9-14-க்கு நேரே மாற்கு 13:9-13 பொருந்தாமல் நிற்கும், குழம்பவேண்டாம். அதில் பெரும்பகுதி மத்தேயு 10:17-22-க்குப் போயிருக்கிறது. அந்த வரிசையில் ஓரமாக "10-ஆம் அதிகாரம் பார்" என்று பென்சிலில் எழுதிவிட்டு ஜெராக்ஸ் போடுங்கள்.